சென்னைப் பிள்ளைகளும் இருளர் பிள்ளைகளும் சேர்ந்து தங்கும் காட்டு முகாம்: எங்கிருந்து தொடங்குவது?

வேளச்சேரி அம்மா:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

என் அண்ணன் குடும்பம் டொராண்டோவில் இருக்கு. அண்ணன் பொண்ணு பத்தாவது முடிச்சவ. போன கோடை லீவுல ஒரு காட்டு முகாமுக்குப் போயிட்டு வந்தா. பாதிப் பேர் அந்த மண்ணோட பூர்வகுடிப் பிள்ளைங்க. மீதிப் பேர் வெள்ளைக்காரப் பிள்ளைங்களும், நம்மளை மாதிரி குடியேறின வீட்டுப் பிள்ளைங்களும். ஏரிக்கரையில கூடாரம், துடுப்புப் படகு, விறகு பொறுக்கி அடுப்பு மூட்டிச் சமையல், ராத்திரி நெருப்பைச் சுத்தி உட்கார்ந்து பூர்வகுடிப் பெரியவங்க சொல்ற கதை. போனைக் கையால தொடக்கூடாது.

வந்ததும் என்கிட்ட வீடியோ காலில் பேசினா. காட்டைப் பத்திச் சொன்னது கொஞ்சம்தான். பேச்செல்லாம் அவ கூடாரத்துல கூடத் தங்கின ஒரு பொண்ணைப் பத்தி. அந்தப் பொண்ணோட பாட்டியைச் சின்ன வயசுலயே வீட்டுலேர்ந்து பிரிச்சு உறைவிடப் பள்ளியில கொண்டுபோய்ப் போட்டிருக்காங்க. தாய்மொழியில பேசினா அடி. கடைசியில பாட்டிக்குத் தன் பாஷையே மறந்து போச்சாம். இப்போ பேத்தி முகாமுக்கு வந்து பெரியவங்ககிட்ட அதை ஒவ்வொரு சொல்லா கத்துக்கறா. “ஸ்கூல்ல இதையெல்லாம் பரீட்சைக்குப் படிச்சேன் அத்தை. பக்கத்துல படுத்திருக்கறவளோட பாட்டின்னு தெரிஞ்சப்ப தூக்கமே வரல”ன்னா.

அன்னிலேர்ந்து எனக்கு ஒரே யோசனை. எங்க அடுக்ககத்துப் பிள்ளைங்களை ஞாயித்துக்கிழமைகள்ல பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பறவை பார்க்கக் கூட்டிட்டுப் போறது வழக்கம். நாமக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் வித்தியாசம் சொல்லத் தெரிஞ்ச பிள்ளைங்க. இதே பிள்ளைங்க ஈ.சி.ஆர். வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போய், இருளர் பழங்குடி அண்ணன்மார் பாம்புலேர்ந்து விஷம் எடுக்கறதைப் பார்த்துக் கை தட்டிட்டு வருவாங்க. அந்த அண்ணனுக்கு இவங்க வயசுல ஒரு பிள்ளை இருக்கும். அது எந்தப் பள்ளிக்கூடத்துல படிக்குது, சாயங்காலம் என்ன விளையாடும், நம்மளைப் பத்தி என்ன நினைக்கும்னு எங்க பிள்ளைங்க யாருக்கும் தெரியாது. இடையில இருக்கறது முப்பது, நாப்பது கிலோமீட்டர் தார் ரோடு.

அதனால ஒரு முகாம் நடத்தணும்னு ஆசை. 12லேர்ந்து 16 வயசு வரைக்கும், இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர், மூணு ராத்திரி சேர்ந்து தங்கணும். இது சுற்றுலாவாகவும் ஆகிடக்கூடாது, தானம் கொடுக்கற நிகழ்ச்சியாகவும் ஆகிடக்கூடாது. யாரைக் கேட்கணும்? எதைச் செய்யக்கூடாது? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.


மந்தைவெளி டு ஸ்கார்பரோ:

உங்கள் அண்ணன் மகள் போனது போன்ற முகாம்களுக்கு இங்கே கனடாவில் ஒரு வரலாறு உண்டு. உங்களுக்கு உதவலாம் என்பதால் எழுதுகிறேன்.

கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் ஹைடா க்வாய் என்று ஒரு தீவுக்கூட்டம். ஹைடா என்னும் பூர்வகுடி மக்களின் தாயகம். அங்கே 1978ல் தாம் ஹென்லி என்பவர் ஹைடா பெரியவர்களின் துணையோடு ‘ரீடிஸ்கவரி’ என்ற பெயரில் இளைஞர் முகாம் ஒன்றைத் தொடங்கினார். ஹைடா பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளும் ஆளில்லாத கடற்கரையில் ஒன்றாகத் தங்குவார்கள். மீன் பிடிப்பது, உணவு தேடுவது, பழைய ஊர்கள் இருந்த இடங்களுக்கு நடந்து போவது, பெரியவர்களிடம் கதை கேட்பது என்று நாட்கள் போகும். ஒரு கட்டத்தில் ஒவ்வொருவரும் தனியாக ஓர் இரவைக் கழிக்க வேண்டும். இந்த முகாம் முறை பிறகு கனடாவின் வேறு பகுதிகளுக்கும் பரவியது.

இதன் பின்னணி தெரிந்தால்தான் முகாம் எதற்கு என்பது புரியும். 19ஆம் நூற்றாண்டிலிருந்து 1990கள் வரை ஒன்றரை லட்சம் பூர்வகுடிக் குழந்தைகளை உறைவிடப் பள்ளிகளில் அடைத்தார்கள். அரசே பணம் கொடுத்தது, கிறித்தவ சபைகள் நடத்தின. 2008 ஜூன் 11 அன்று பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இந்தப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையம் 2015ல் 94 பரிந்துரைகளை வெளியிட்டது. அதில் 66ஆவது இதைப் பற்றியதுதான்: நல்லிணக்கத்துக்காக வேலை செய்யும் உள்ளூர் இளைஞர் அமைப்புகளுக்குப் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து நிதி கொடுக்க வேண்டும் என்கிறது. ஒரே ஒரு வருஷத்துக்கு அல்ல, பல ஆண்டுகளுக்கு. இதைக் கவனியுங்கள். ஒரு முறை முகாம் நடத்திவிட்டு மறந்து போவதால் ஒன்றும் ஆகாது என்று அனுபவப்பட்டவர்கள் எழுதியது அது.

நான் இங்கே என் பிள்ளைகள் வழியாகப் பார்த்தது ஒன்று. யார் மண்ணோ அவர்களே முகாமை நடத்தும்போதுதான் அது உருப்படியாக நடக்கிறது. எப்போது எழுவது, எந்தக் கதையைச் சொல்லலாம், எந்த இடத்துக்கு வெளியாட்கள் போகக்கூடாது என்பதையெல்லாம் அவர்கள் தீர்மானிக்கிறார்கள். மற்றவர்கள் விருந்தாளிகள். விருந்தாளிகளும் பாத்திரம் கழுவ வேண்டும், விறகு சுமக்க வேண்டும்.

என் மகன் திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி தண்ணீரைப் பற்றி. அவனோடு தங்கிய பையன் ஊரில் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டுமாம், பல வருடங்களாக. “இவ்வளவு பெரிய ஏரிகள் இருக்கும் நாட்டில் ஏன் அப்பா?” என்றான். செப்டம்பர் 30, உறைவிடப் பள்ளிக் குழந்தைகளின் நினைவாகப் பள்ளியில் எல்லோரும் ஆரஞ்சு சட்டை போடுகிற நாள். அதுவரை அது அவனுக்கு ஒரு சட்டை நாள், அவ்வளவுதான். அந்த வருடம் அவன் தன் வகுப்பில் எழுந்து நின்று பேசினான்.


செங்கல்பட்டு டீச்சர்:

வேளச்சேரி அம்மா, நான் திருக்கழுக்குன்றம் பக்கம் இருளர் குடியிருப்புகள்ல சாயங்கால வகுப்பு எடுக்கறவ. தலை நரைச்சது இந்த வேலையிலதான். நீங்க சொல்ற மாதிரி முகாம்கள்ல நல்லதையும் பார்த்திருக்கேன், கெட்டதையும் பார்த்திருக்கேன்.

கெட்டதைச் சொல்லிடறேன். ஒரு தனியார் பள்ளி, பேர் வேண்டாம். ரெண்டு ஏ.சி. பஸ்ஸுல பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. எங்க பிள்ளைங்களை வரிசையில நிக்க வெச்சாங்க. பிஸ்கட் பாக்கெட், துவைச்சு மடிச்ச பழைய துணி, போட்டோ. ஒரு மணி நேரத்துல பஸ் கிளம்பிடுச்சு. வந்த பிள்ளைங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், அவங்க ஜன்னல் வழியா கையாட்டிட்டுத்தான் போனாங்க. எங்க பையன் ஒருத்தன் அந்தச் சட்டையைப் போட்டுப் பார்க்கவே இல்ல. கொண்டுபோய் முள்வேலியில மாட்டிட்டு விளையாடப் போயிட்டான்.

முகாமுல யார் வாத்தியார்ங்கறதை முதல்ல முடிவு பண்ணுங்க. இருளர் பெரியவங்கதான் வாத்தியார்னா மத்ததெல்லாம் தானா சரியாகும். இவங்க யாருன்னு உங்க பிள்ளைங்களுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லுங்க. ஒரு காலத்துல பாம்புத் தோல் வியாபாரிகளுக்குப் பாம்பு பிடிச்சுக் கொடுத்துப் பிழைச்சவங்க. 1972ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1976ல தோல் ஏற்றுமதியும் நின்னதும் பிழைப்பு போச்சு. 1978ல வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சாங்க. மேல ஸ்கார்பரோ சார் சொன்ன ஹைடா முகாமும் அதே வருஷம்தான், பாருங்க. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன், இந்த நாலையும் பிடிச்சு, சில வாரம் வெச்சிருந்து விஷம் எடுத்துட்டு, திரும்பக் காட்டுல விட்டுடறாங்க. நம்ம நாட்டு ஆஸ்பத்திரிகள்ல பாம்புக்கடிக்குப் போடற மருந்துக்குப் பெரும்பாலும் இவங்க எடுத்த விஷம்தான் மூலம். மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017ல அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுக்குப் போய், அங்க பெருகிக் கிடந்த மலைப்பாம்புகளை முதல் எட்டு நாள்லயே 13 பிடிச்சுக் காட்டினாங்க. 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ. இதைத் தெரிஞ்சுக்கிட்டு வர்ற பிள்ளை நடந்துக்கற விதமே வேற.

வாத்தியாருக்குச் சம்பளம் உண்டு. மலையேத்த வழிகாட்டிக்கு என்ன கொடுப்பீங்களோ, பறவை நிபுணரைக் கூப்பிட்டா என்ன கொடுப்பீங்களோ, அதுக்கு ஒரு ரூபா குறையக்கூடாது. அதை உங்க பிள்ளைங்க கண்ணு முன்னாடி, மரியாதையா, கவர்ல போட்டுக் கொடுங்க.

அடுத்து, ‘சென்னை அணி, ஊர் அணி’ன்னு பிரிச்சுக் கபடி, கயிறு இழுக்கற போட்டி எதுவும் வேண்டவே வேண்டாம். 1954ல அமெரிக்காவுல ஒக்லஹோமாவுல ராபர்ஸ் கேவ்ங்கற காட்டுப் பூங்காவுல, முசாஃபர் ஷெரிஃப்னு ஒரு உளவியல் அறிஞர் 22 பையன்களை ரெண்டு அணியா பிரிச்சு முகாம் போட்டுப் பார்த்தார். போட்டி வெச்சதும் ஒரு அணியோட கொடியை இன்னொரு அணி எரிக்கற அளவுக்குப் பகை. சரி, சேர்ந்து சாப்பிட்டா சரியாகும்னு ஒண்ணா உட்கார வெச்சாங்க. சாப்பாட்டை எடுத்து ஒருத்தர் மேல ஒருத்தர் வீசிக்கிட்டாங்க. முகாமுக்கு வர்ற தண்ணியை அவங்களே நிறுத்திட்டு, எங்க அடைப்புன்னு எல்லாரும் சேர்ந்து தேடற மாதிரி செஞ்சப்பதான், நின்னுபோன லாரியை எல்லாரும் ஒரே கயித்துல இழுக்க வேண்டி வந்தப்பதான் பகை குறைஞ்சது. ஒண்ணா உட்கார வெச்சா மட்டும் போதாது. ஒருத்தர் இல்லாம இன்னொருத்தரால முடிக்க முடியாத வேலை ஒண்ணு வேணும்.

அப்படி ஒரு வேலையை நான் கண்ணால பார்த்தேன். தை மாசக் கடைசி, சம்பா அறுப்பு முடிஞ்ச வயல். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைங்க கொஞ்சம் பேர் வந்திருந்தாங்க. எங்க தாத்தா ஒருத்தர் வரப்போரம் ஒரு எலி வளைகிட்ட குந்தி உட்கார்ந்தார். வளை வாயில சிலந்தி நூல் இருந்தா உள்ள யாரும் போய் வரல. இதுல நூல் இல்ல. புதுசா தள்ளின ஈர மண், பக்கத்துல கடிச்சுப் போட்ட நெல் தாள் துண்டு. “உள்ளதான் கீது”ன்னார். அடியில ஓட்டை போட்ட மண்சட்டி, அதுக்குள்ள வைக்கோல். நெருப்பு வெச்சு, சட்டி வாயை வளை வாயோட வெச்சு மண் பூசிட்டு, ஓட்டையில வாய் வெச்சு ஊத ஆரம்பிச்சார்.

எலி வளைக்கு ஒரே வாசல் கிடையாது. வரப்புக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, புல்லுக்கு அடியில ஒண்ணுன்னு எங்கெங்கயோ இருக்கும். எல்லாத்தையும் அடைக்கலைன்னா புகையும் போயிடும், எலியும் போயிடும். ஒரு ஆளால ஆகாது, நாலு திசையிலயும் கண்ணு வேணும். பிள்ளைங்க வயல் முழுக்கப் பரவி நின்னாங்க. அதுவரைக்கும் சென்னைப் பையன்க ஒரு கும்பலா, எங்க பொண்ணுங்க ஒரு கும்பலாத்தான் இருந்தாங்க. திடீர்னு ஒரு சின்னப் பையன், புதுப்பேட்டைக்காரன், “இங்க புகை! இங்க புகை!”ன்னு கத்தினான். அவன் கால்கிட்ட, புல்லுக்கு நடுவுல, நூல் மாதிரி புகை. என்ன பண்றதுன்னு தெரியாம அதைக் கையாலயே பொத்திக்கிட்டான். எங்க பொண்ணு ஒருத்தி ரெண்டு கை நிறைய சேத்தை அள்ளிட்டு ஓடி வந்து, “கையை எடு, கையை எடு”ன்னு அவன் கையைத் தள்ளிட்டு அடைச்சா. அடுத்த ஓட்டையை ரெண்டு பேரும் சேர்ந்தே தேடினாங்க. தாத்தா கடப்பாரையால வளையை வெட்டிப் போனப்ப, கூடவே குனிஞ்சு, மண்ணை அள்ளிப் போட்டு, ரெண்டு பேருக்கும் முழங்கை வரைக்கும் சேறு. எலி சேர்த்து வெச்ச நெல் கதிர் ஒரு மடி நிறைய கிடைச்சது. அன்னி சாயங்காலம் அந்தப் பையன் என்கிட்ட வந்து, “மிஸ், அந்த அக்கா பேரு என்ன?”ன்னு கேட்டான். “நீயே போய்க் கேளு”ன்னேன். போனான்.

கடைசியா ஒண்ணு. தங்கற இடத்துக்குக் காப்புக்காடு வேண்டாம். வனத்துறை அனுமதி இல்லாம உள்ள தங்க முடியாது. ஏரிக்கரையை ஒட்டி ஊராட்சி இடமோ பள்ளிக்கூட வளாகமோ போதும். ஊர்ப் பெரியவங்க எதைச் சொல்றாங்களோ அதுதான் இடம்.


மேற்கு மாம்பலம் அப்பா:

டீச்சர், நீங்க எழுதினதைப் படிச்சு ரொம்ப யோசிச்சேன். ஆனா எங்க வீட்ல சுத்த சைவம். என் பொண்ணு ஒரு உயிரைக் கொல்றதைப் பார்த்தா அழுதுடுவா. எலி பிடிக்கற முகாமுக்கு எப்படி அனுப்பறது? தப்பா எடுத்துக்காதீங்க, நிஜமாவே கேட்கறேன்.


செங்கல்பட்டு டீச்சர்:

நிஜமா கேட்டதால நிஜமா சொல்றேன் சார். அழுதா அழட்டும், தப்பில்ல. அந்த நேரத்துல கீரை பறிக்கப் போற பாட்டியோட போகலாம். கிழங்கு தோண்டலாம், மூலிகை பார்க்கலாம். தண்டரையில இருளர் பெண்களே வளர்க்கற மூலிகைத் தோட்டம் இருக்கு, ஒரு நாள் பத்தாது. யாரும் எதையும் சாப்பிட்டே ஆகணும்னு கிடையாது.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். சாப்பிடறவங்களைப் பார்த்து மூக்கைச் சுளிக்கக்கூடாது, ‘சீ’ன்னு ஒரு சத்தம் வரக்கூடாது. அந்த எலி வயலுக்கு எதிரி. அதைப் பிடிச்சதாலதான் விவசாயி வீட்டுக்கு நெல் முழுசா போகுது. உங்க பொண்ணு சாப்பிடற சோத்துலயும் அந்த உழைப்பு இருக்கு. இதை நீங்க கிளம்பறதுக்கு முன்னாடி அவகிட்ட உட்கார்ந்து பேசுங்க. பந்தி ஒண்ணுதான், இலையில விழறது அவரவர் விருப்பம்.


ராயப்பேட்டை டாக்டர்:

மருத்துவ விஷயம் மட்டும் சொல்கிறேன்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம், மழை. ஜனவரிக் கடைசி, பிப்ரவரி நல்லது. தரையில் படுக்க வைக்காதீர்கள். கட்டு விரியன் இரவில் நடமாடும், தரையில் தூங்குபவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அதிகம் இருக்காது. விடியும்போது வயிற்று வலி, இமை சரிவது என்று தொடங்கும். கட்டில் போட்டு, கொசுவலையைப் படுக்கைக்கு அடியில் சுற்றிலும் செருகி விட்டாலே பெரிய பாதுகாப்பு. இருட்டில் டார்ச்சும் மூடிய ஷூவும் இல்லாமல் யாரும் நடக்கக்கூடாது.

கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டக்கூடாது, கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது. எலும்பு முறிந்தால் எப்படிக் கையை அசையாமல் வைப்போமோ அப்படி வைத்து, 108ஐக் கூப்பிட்டு, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். பாம்புகளைப் பிள்ளைகள் யாரும் தொடவே கூடாது, அது உரிமம் பெற்றவர்களின் வேலை.

எலி விஷயத்தில் டீச்சருக்கு ஒரு வேண்டுகோள். எலிச் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும். கையிலோ காலிலோ புண், வெட்டு உள்ள பிள்ளைகள் அந்தச் சேற்றில் இறங்க வேண்டாம். மற்றவர்கள் கையுறை போட்டுக்கொள்ளட்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவட்டும். முகாம் முடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் இதைச் சொல்ல வேண்டும். இருளர் பிள்ளைகளுக்கும் இதே விதிதான். அவர்களுக்கு ‘பழகிப் போச்சு’ என்று யாரும் சொல்லாதீர்கள்.


திருப்போரூர் பையன்:

நான் இருளர். எங்க குடியிருப்புல காலேஜ் முடிச்ச முதல் ஆள். டீச்சரம்மா சொன்னதுல எல்லாம் சரி, நான் மூணு நாலு விஷயம் சேர்த்துச் சொல்லணும்.

இருளர் பிள்ளைன்னா காடு தெரியும்னு நினைச்சுட்டு வராதீங்க அக்கா. எங்க பசங்கள்ல பாதிப் பேர் செங்கல் சூளையில, அரிசி மில்லுல, மரம் வெட்டற இடத்துல வளர்ந்தவங்க. அப்பா அம்மா வாங்கின அட்வான்ஸுக்காகக் குடும்பத்தோட அடைஞ்சு கிடந்தவங்க. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லயே வந்துடுச்சு. ஆனா அதுக்கப்புறமும் எத்தனையோ பேரை அதிகாரிங்க மீட்டுக் கொண்டு வந்திருக்காங்க, அதுல எங்க ஜனம்தான் நிறைய. சூளையில வளர்ந்த பையனுக்குப் பாம்புத் தடம் எங்க தெரியும்? உங்க பையன் “உனக்குப் பாம்பு பிடிக்கத் தெரியாதா?”ன்னு கேட்டா அவனுக்கு எப்படி இருக்கும்? உங்க அண்ணன் பொண்ணு சொன்ன அந்தப் பேத்தி பாஷையைத் திரும்பக் கத்துக்கறா இல்ல, அதேதான் இங்கயும். எங்க தாத்தாகிட்ட உங்க பசங்களும் எங்க பசங்களும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து புதுசா கத்துக்கணும். முகாம் எங்களுக்கும் தேவை. உங்களுக்குக் காட்டறதுக்காக இல்ல.

எனக்கு ஸ்கூல்ல ‘எலிக்கறி’ன்னு பட்டப்பேர். ஏழாவதுல டிபன் பாக்ஸ் கொண்டு போறதையே நிறுத்திட்டேன், மத்தியானம் சத்துணவு, இல்லாட்டி பைப் தண்ணி. பட்டப்பேர் வெச்சவன் கெட்டவன் இல்ல, அவன் எங்க வீட்டுக்கு ஒரு நாளும் வந்ததில்ல, அவ்வளவுதான். அதனால இந்த முகாம் நடக்கணும்னு மனசாரச் சொல்றேன்.

ஆனா ஒரு வழிப் பாதையா இருக்கக்கூடாது. எங்க பசங்களும் உங்க வீட்டுக்கு வரணும். உங்க அடுக்ககத்துல மூணு ராத்திரி தங்கணும். கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, மெட்ரோவுல ஏத்துங்க, அதெல்லாம் சந்தோஷம். நான் கேட்கறது அதுக்கு முன்னாடி. உங்க கேட்ல செக்யூரிட்டி எங்க பசங்களை எப்படி உள்ள விடுவார்? லிஃப்ட்டுல வரலாமா, சர்வீஸ் லிஃப்ட்டா? நீச்சல் குளத்துல இறங்கலாமா? அசோசியேஷன்ல இதைப் பேசி முடிச்சுட்டு, அப்புறம் எங்க ஊருக்கு வாங்க. அங்க நண்பன்னு சொல்லிட்டு இங்க கேட்ல நிக்க வெச்சா பிள்ளைங்க மனசு விட்டுப் போயிடும்.

போட்டோ யார் எடுத்தாலும் பிள்ளையையும் பெத்தவங்களையும் கேட்டுட்டு எடுக்கணும். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி இணையத்துல எதுவும் போடக்கூடாது.

இன்னொண்ணு, இது பெரியவங்களுக்கு. எங்க பசங்க பத்தாவது, பன்னெண்டாவதுல நிக்கறது பெரும்பாலும் சாதிச் சான்றிதழ் இல்லாமத்தான். பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் ஆபீஸ்ல தான் தருவாங்க. வேலைக்குப் போற நாளை விட்டுட்டு எங்க அப்பா எத்தனை தடவை போய் நின்னாரோ. உங்க அடுக்ககத்துல வக்கீல் இருப்பாங்க, அரசாங்க வேலையில இருந்து ரிடயர் ஆனவங்க இருப்பாங்க. முகாம் முடிஞ்ச அடுத்த வாரம் எங்க கூட ஒரு நாள் அந்த ஆபீஸுக்கு வந்து பெஞ்சுல உட்காருங்க. பழைய துணியை விட அது ஆயிரம் மடங்கு.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்கு வாங்க. எங்கெங்க இருந்தோ எங்க ஜனம் வந்து, புடவையைக் கட்டிக் கொட்டாய் போட்டு மணல்லயே தங்குவோம். விடியக்காலையில கடலோரம் மணல்ல ஏழு படி வெச்சு கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணம், மொட்டை, காது குத்தல் எல்லாம் அங்கயே நடக்கும். அது எங்க முகாம், யாரும் சொல்லிக்கொடுத்து நடக்கறதில்ல. முகாமுல பழகின பிள்ளைங்க அங்க வந்தா சொந்தக்காரங்க மாதிரி வரலாம். கேமராவோட சுத்த வேண்டியதில்ல.


வேளச்சேரி அம்மா:

தம்பி, நீங்க எழுதினதை எங்க வீட்டுல சத்தமா வாசிச்சேன். என் பையன் நீச்சல் குளத்து வரியில நிறுத்தி, “அம்மா, நம்ம வீட்டு வேலைக்கு வர்ற அக்கா பையனே இறங்க முடியாதே”ன்னான். எனக்குப் பதில் சொல்ல முடியல.

வர்ற ஞாயித்துக்கிழமை எங்க அசோசியேஷன் கூட்டம் இருக்கு. விருந்தாளியா வர்ற பிள்ளைங்க எல்லா இடத்துக்கும் வரலாம்னு எழுத்துல தீர்மானம் கேட்கப் போறேன். வேலை செய்யறவங்க பிள்ளைங்களையும் அதே தீர்மானத்துல சேர்த்துத்தான். எதிர்ப்பு வரும், தெரியும். ரெண்டாவது மாடியில ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட சான்றிதழ் விஷயம் சொன்னேன், என்னென்ன காகிதம் தேவைன்னு எழுதித் தர்றேன், கூடவும் வர்றேன்னார்.

டீச்சர், தீர்மானம் நிறைவேறினா மட்டும் நான் அங்க வர்றேன், பிள்ளைங்க இல்லாம, தனியா. யாரைப் பார்க்கணும், எந்த நேரத்துல வந்தா பெரியவங்களுக்கு வேலை கெடாதுன்னு சொல்லுங்க. நிறைவேறலைன்னா அதையும் இங்கயே எழுதறேன்.


செங்கல்பட்டு டீச்சர்:

சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வாங்க, அதுக்குள்ள எல்லாரும் வேலையிலேர்ந்து திரும்பிடுவாங்க. திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி இங்கயே ஒரு வரி போடுங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன். கையில எதுவும் வாங்கிட்டு வராதீங்க. முகாம் தேதியை அவங்க வேலை நாளைப் பார்த்து அவங்க சொல்லுவாங்க, நீங்க முன்கூட்டி எந்தத் தேதியும் சொல்லாதீங்க. டீ கொடுத்தா மறுக்காம குடிங்க.